ஐப்டேசியா: சுண்ணாம்புக் குழம்பா, பெர்கியா நத்தையா?

கடல்தொட்டி:
லைவ் ராக் எனும் உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறையில் ஒட்டிக்கொண்டு வந்த ஐப்டேசியா எனும் பழுப்பு நிறக் கடல் சாமந்தி, என் பவளத் தொட்டியில் ஸோவாந்தஸ் எனும் மென்பவளக் கூட்டத்தின் ஓரம் வரை பரவிவிட்டது. அதன் கொட்டும் உணர்கொம்புகள் பட்ட பவளங்கள் விரிய மறுக்கின்றன. கால்சியம் ஹைட்ராக்சைடு எனும் சுண்ணாம்பைக் குழம்பாகக் கரைத்து, ஊசிக்குழலால் ஒவ்வொன்றின் வாய்மீதும் இடுவதே உடனடிப் பலன் தரும் வழி என்று கருதுகிறேன்.

ஆழிநேயன்:
கண்ணுக்குத் தெரிகிறவற்றுக்கு மட்டுமே அது பலன் தரும். ஐப்டேசியா தன் அடிப்பாதத்திலிருந்து சிறு துணுக்குகளைப் பிரித்துவிட்டே பெருகுகிறது. பாறையிடுக்கில் எஞ்சும் ஒரு துணுக்கே புதிய உயிராக வளர்ந்துவிடும். பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தையோ ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. நம் கை எட்டாத பாறையின் பின்புறத்திலும் இரவு நேரத்தில் தேடிச் சென்று தின்னும். பவளத்தைத் தொடாத இந்த உயிரை விட்டுவிட்டு, காரத்தன்மையை உயர்த்தும் குழம்பைத் தொட்டிக்குள் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடல்தொட்டி:
கொட்டச் சொல்லவில்லை. நீரோட்ட பம்புகளை நிறுத்திவிட்டு, ஒரு வேளைக்குச் சிலவற்றுக்கு மட்டும் இட்டால் நீரின் பிஎச் அளவு பெரிதாக ஏறாது. உங்கள் நத்தையின் நிலையைப் பாருங்கள்: சிக்ஸ்லைன் ராஸ் போன்ற மீன்கள் அதைத் தின்றுவிடும், பம்பின் வாய் இழுத்துக்கொள்ளும், ஐப்டேசியா தீர்ந்தவுடன் பட்டினியால் அதுவே செத்துப்போகும். முட்டையிட்டுப் பெருகிப் பலன் காட்டும்வரை காத்திருக்க என் ஸோவாந்தஸுக்கு அவகாசம் இல்லை.

முத்துக்குளி:
அந்தப் பாறையையே வெளியே எடுத்துக் கொதிக்க வைத்துவிட்டால் வழக்கு முடிந்தது அல்லவா?

ஆழிநேயன்:
ஒருபோதும் வேண்டாம், நண்பரே. பாலித்தோவா, ஸோவாந்தஸ் போன்ற உயிர்களில் சிலவற்றில் பாலிடாக்சின் எனும் கொடிய நஞ்சு இருக்கும். அவை ஒட்டியுள்ள பாறையைக் கொதிக்க வைக்கும்போது எழும் ஆவியைச் சுவாசித்து, வீட்டிலிருந்த பலரும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எந்தப் பூச்சிக்காகவும் இந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

முத்துக்குளி:
அந்த யோசனையைக் கைவிடுகிறேன். பெப்பர்மின்ட் இறால் உதவுமா?

கடல்தொட்டி:
சில இறால்கள் சிறிய ஐப்டேசியாக்களை உண்ணும். நாம் இடும் தீனியில் வயிறு நிறைந்தால் அதைத் திரும்பியும் பார்க்காது. தோற்றத்தில் நெருங்கிய கேமல் இறாலை மாற்றி வாங்கிவிட்டால் அது பவளத்தையே கடிக்கும். எனவே வாங்கும் முன் கவனமாகப் பாருங்கள். காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனும் ஐப்டேசியாவை உண்ணக்கூடியதே, ஆனால் பிடிபட்ட பிறகு தீனி எடுக்காமலே இறந்துபோவது அதிகம் என்பதால் அதைப் பூச்சிக்கொல்லியாக வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஆழிநேயன்:
மீனைப் பற்றி உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். சுண்ணாம்பைப் பற்றி இல்லை. ஸோவாந்தஸை ஒட்டி நிற்கும் பெரியவற்றை மட்டும் நீங்கள் குழம்பால் முடித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ராஸ் வகை மீன் இல்லையென்றால், மிச்சத்தைச் சிறிய பெர்கியா கூட்டத்திடம் விடுங்கள். அதுவரை உறைந்த தீனியின் அளவைக் குறையுங்கள். மிஞ்சும் தீனி ஐப்டேசியாவுக்கே விருந்தாகிறது.

கடல்தொட்டி:
பெரியவற்றுக்கு இன்றிரவே குழம்பு இடுகிறேன். என் தொட்டியில் ஒரு சிக்ஸ்லைன் ராஸ் இருப்பதால் நத்தையை வாங்க மாட்டேன்.