செவ்வகத்துக்கு நாலு இல்ல, ரெண்டுதான்

மீனா: அத்தை, பாப்பாவுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. செவ்வகத்துக்குச் சமச்சீர்க் கோடு நாலுன்னு எழுதியிருக்கா. மூலைக்கு மூலை வெட்டினா ரெண்டும் ஒரே அளவு முக்கோணம்தானே, அப்புறம் எப்படித் தப்புன்னு கேக்கா.

சுமதி அத்தை: சரியான இடத்துலதான் கேட்டிருக்கா. ரெண்டும் சம பாதி, உண்மை. ஆனா பாதி சமமா இருந்தா மட்டும் போதாது மா. ஒரு பாதி இன்னொண்ணுக்குக் கண்ணாடி பிம்பமா இருக்கணும். ஒரு ஏ4 தாளை எடுத்து மூலைவிட்டத்துல அழுத்தி மடிக்கச் சொல்லு.

மீனா: [படம்] மடிச்சாச்சு. முனை ரெண்டும் சேரல, தனித்தனியா நீட்டிக்கிட்டு நிக்குது.

சுமதி அத்தை: அந்த ரெண்டு முனைக்கும் நடுவுல ஸ்கேல் வைக்கச் சொல்லு. 12 செ.மீ. வரும்.

மீனா: 12.1 இருக்கு அத்தை!

சுமதி அத்தை: தாள் 29.7க்கு 21. நீளமும் அகலமும் வேற வேறங்கறதாலதான் அந்த இடைவெளி. ரெண்டும் நெருங்க நெருங்கக் குறையும், சதுரமானா பூச்சியம். அதான் சதுரத்துக்கு நாலு. இப்ப மடிச்ச கோட்டுலயே வெட்டி, ஒரு முக்கோணத்தைப் புரட்டாம, மேசை மேலயே அரைச் சுத்து சுத்தி அடுத்தது மேல வைக்கச் சொல்லு. கச்சிதமா உக்காரும். அது சுழல் சமச்சீர். பிள்ளைங்க குழம்புறது எல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

கார்த்திக்: மீனாக்கா, இணைகரத்துக்கு என்ன போட்டிருக்கான்னு பாரு. அதுக்கு ஒரு கோடு கூடக் கிடையாது. சுழல் வரிசை மட்டும் 2, அதாவது ஒரு முழுச் சுத்துல ரெண்டு தடவை அச்சா அதே மாதிரி உக்காரும்.

மீனா: அதுக்கும் ரெண்டு கோடு போட்டிருக்காடா.

பெரியப்பா: பாப்பாகிட்ட இதைச் சொல்லு. நிலை அடிக்கும்போது ரெண்டு காலும் 7 அடி, மேல கீழ 3 அடி, எல்லா அளவும் சரியா இருக்கும். ஆனாலும் கதவு மாட்டினா ஒரு மூலை பிடிக்கும். ஏன்னா நிலை சாய்ஞ்சு இணைகரமாப் போயிருக்கும். அதுக்குத்தான் குறுக்கு அளவு ரெண்டும் எடுக்கறது. ரெண்டுமே 7 அடி 7⅜ இன்ச் வரணும். ஒண்ணு கூடி ஒண்ணு குறைஞ்சா, கூடின மூலையைத் தட்டி உள்ள தள்ளணும்.

சுமதி அத்தை: அண்ணன் சொன்னதை அப்படியே எழுதிக்கோ. பக்கம் மாறல, கோணம் மட்டும்தான் மாறுச்சு. அதுலயே ரெண்டு சமச்சீர்க் கோடும் போயிடுச்சு.

மீனா: சமபக்க முக்கோணத்துக்கு நிமிர்ந்த கோடு ஒண்ணு மட்டும் போட்டிருக்கா.

சுமதி அத்தை: செங்குத்துக் கோடுதான் கண்ணுக்கு முதல்ல படும், சாய்வா இருக்கறது தப்பிடும். தாளைத் திருப்பி ஒவ்வொரு பக்கத்தையும் அடியில வச்சுப் பாக்கச் சொல்லு, மூணும் கிடைச்சுடும். சதுரத்தை 45 டிகிரி திருப்பி வரைஞ்சு குடுத்தாலும் ‘டைமண்ட்’னு எழுதி ரெண்டு கோட்டோட நிறுத்திடுவாங்க. உருவம் திரும்பினா கோடும் கூடவே திரும்பும், எண்ணிக்கை மாறாது. சதுரத்துக்கு எப்படி வச்சாலும் நாலுதான்.

கார்த்திக்: சாய்சதுரத்துக்கு ரெண்டு, ஆனா அது மூலைவிட்டம். செவ்வகத்துக்கு எதிர்ப்பக்க நடுப்புள்ளிகளைச் சேக்கற கோடு. இதை மாத்திப் போட்டுடாம பாத்துக்க.

ஆச்சி: கோலத்துல காட்டு, புரியும். 7 புள்ளி, ஊடுபுள்ளி 4ல நிறுத்தினா ஆறு பக்கம் வரும், மொத்தம் 37 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 4 இன்ச் விட்டா வரிசைக்கு வரிசை மூன்றரைதான் விடணும். அங்கயும் 4 விட்டா கோலம் மேலாக நீண்டு போயிரும்.

சுமதி அத்தை: ஆமாம்மா, அப்போ ஆறு கோடு ரெண்டாயிடும்.

ஆச்சி: புள்ளியைச் சுத்தி இழை போற சிக்குக் கோலத்துல, சுத்துற மாதிரி போடறதை மடிக்க முடியாது. 5க்கு 5 நேர்ப்புள்ளியில கால் கால் சுத்தாத் திருப்பித்தான் போடணும். எதிர்ப்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி போட்டா இழை சேராம முட்டிக்கிட்டு நிக்கும்.

மீனா: கடைசியா ஒண்ணு அத்தை, சரிவகம்?

சுமதி அத்தை: இருசமபக்கச் சரிவகத்துக்கு மட்டும் ஒண்ணு, இணைபக்கம் ரெண்டோட நடுவுலயும் போகும். மத்த சரிவகத்துக்குக் கிடையாது. கோட்டைப் புள்ளிக்கோடா, உருவத்துக்கு வெளிய ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிப் போடச் சொல்லு. உள்ளயே நிறுத்தினா உருவத்தோட பக்கம் மாதிரித் தெரியும்.