வீட்டிலேயே கோய்லோவர் மாட்டினேன். வேகத்தடை இறங்கும்போது மட்டும் ‘டொக்’ சத்தம்

சூலூர்_டீசல்

வணக்கம் மக்களே. வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல், 1,18,000 கி.மீ. ஓடியது. ஷாக் அப்சார்பர் நாலும் படுத்துவிட்டன. மாற்றுவதே மாற்றுகிறோம் என்று போன மாதம் தைவானில் செய்த ஒரு கோய்லோவர் செட் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வரும் ஸ்பிரிங், ஷாக் செட்) வாங்கினேன். டேம்பிங்கை (ஷாக்கின் விறைப்பை) 24 கிளிக்கில் மாற்றலாம், முன் ஸ்பிரிங் 5 கிலோ. வருஷத்துக்கு ஒரு தடவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். மற்றபடி வீடு, மில், அம்மாவுக்கு மாதாந்திர ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் இந்த வண்டியின் பிழைப்பு.

பட்டறையில் கொடுக்காததற்குக் காரணம் காசு இல்லை. போன தடவை லோயர் ஆர்ம் புஷ் மாற்றக் கொடுத்தேன். ஏர் கன்னை வைத்து அடித்து ஒரு போல்ட்டின் மரையையே தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மாட்டிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை நானே செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரியே எல்லா போல்ட்டிலும் டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டேன். ஞாயிறு காலை ஆறரைக்கு வேலை ஆரம்பம். இடம் எங்கள் வீட்டு போர்ட்டிகோ. பின்பக்கம் சுலபமாக முடிந்தது. இந்த வண்டியில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடுகிறது. புது ஸ்பிரிங்கோடு வந்த மரைத் தட்டைத் திருப்பினால் உயரம் ஏறுகிறது, இறங்குகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

முன்பக்கம்தான் உயிரை வாங்கியது. ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியை ஷாக்கோடு இணைக்கும் தண்டு) நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கிற தண்டும் கூடவே சுற்றுகிறது. ஆலன் கீயை நுனியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைக் கால் கால் சுற்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. ஸ்ட்ரட்டை (முன் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) உருவியதும் நக்கிள் (சக்கரம் மாட்டியிருக்கிற இரும்பு பாகம்) வெளிப்பக்கம் சாய்ந்தது. பிரேக் ஹோஸ் இழுபடுவதைப் பார்த்துப் பதறிப்போய், அம்மாவின் துணி காயப்போடும் கயிற்றை அறுத்து இழுத்துக் கட்டினேன். (அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.)

மாலை நாலு மணிக்கு எல்லாம் முடிந்து, நாலு பக்கமும் 35 மி.மீ. இறக்கி வைத்தேன். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்ததில் முன் இடது மட்டும் 8 மி.மீ. உயர்ந்து நின்றது. அந்தப் பக்கத் தட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிச் சரிசெய்தேன்.

இப்போது பிரச்சினை: வேகத்தடையில் ஏறும்போது சத்தம் இல்லை. இறங்கும்போது முன் இடது பக்கம் ‘டொக்’ என்று ஒரு அடி. பானெட்டை அழுத்தி ஆட்டினால் ஒன்றுமே கேட்கவில்லை. எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு தடவை பார்த்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் மேல் மவுன்ட் பேரிங் என்கிறார். புதுப் பேரிங் இரண்டே நாளில் போகுமா?

கியர்_பெட்டி

ஸ்டெபிலைசர் லிங்க் பாருங்க ப்ரோ. தண்டும் சேர்ந்து சுற்றினால் நட்டு இறுகின மாதிரி காட்டும், ஆனால் இறுகியிருக்காது. எனக்கு இதே ‘டொக்’ வந்து ஒரு வாரம் மண்டை காய்ந்தேன்.

சூலூர்_டீசல்

அதைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு பக்க லிங்கையும் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, தெருமுனை வேகத்தடை வரை ஒரு தடவை போய் வந்தேன். அப்போதும் அதே சத்தம்.

லேத்து_மாமா

தம்பி, லிங்கைக் கழற்றி ஓட்டிப் பார்த்தது நல்ல யோசனை. ஆனால் அப்படிக் கழற்றிப் போட்டு ரொம்ப தூரம் ஓட்டாதீங்க.

ஒரு கேள்வி. முன்பக்கம் உயரம் குறைக்க எதைத் திருப்பினீங்க? ஸ்பிரிங் உட்காருகிற தட்டையா, ஷாக்குக்கு அடியில் நக்கிளில் மாட்டுகிற பிராக்கெட்டையா?

சூலூர்_டீசல்

ஸ்பிரிங் தட்டைத்தான் மாமா. பின்பக்கம் அப்படித்தானே செய்தேன்.

லேத்து_மாமா

அங்கேதான் இருக்குது சங்கதி. நீங்க பின்பக்கத்தை முதலில் செய்ததால் வந்த வினை.

பின்னால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி. அங்கே உயரத்தைக் கூட்டக் குறைக்க அந்தத் தட்டைத் தவிர வேறு வழியே இல்லை. முன்னால் அப்படி இல்லை. உங்கள் செட்டில் ஷாக் உடம்பு முழுக்க மரை போட்டு, அடியில் தனி பிராக்கெட் கொடுத்திருக்கிறான் அல்லவா? உயரத்துக்கு அந்த பிராக்கெட். மேலே உள்ள தட்டின் வேலை ஸ்பிரிங்கை ஆடாமல் பிடித்து வைப்பது மட்டும்தான்.

கணக்கைப் பாருங்க. உங்கள் வண்டியில் முன் ஒரு ஸ்பிரிங் தாங்குகிற எடை ஏறக்குறைய 300 கிலோ. 5 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒரு மி.மீ. அமுங்க 5 கிலோ வேண்டும். ஆக, வண்டி தரையில் நிற்கும்போது 60 மி.மீ. அமுங்கியிருக்கும். தட்டு சரியான இடத்தில் இருந்தால் ஷாக் முழுக்க நீளும்போது ஸ்பிரிங்கும் சரியாக அதன் முழு நீளத்துக்கு வரும். நீங்கள் தட்டை 35 மி.மீ. கீழே கொண்டுபோய்விட்டீர்கள், இடது பக்கம் அதற்கும் மேல். இப்போது வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது சக்கரம் கீழே தொங்குது, ஷாக் முழுக்க நீளுது, ஆனால் ஸ்பிரிங்குக்கும் தட்டுக்கும் நடுவில் ஒன்றரை இஞ்ச் வெறும் இடைவெளி. சக்கரம் திரும்ப மேலே வரும்போது ஸ்பிரிங் போய்த் தட்டில் அடிக்குது. அதுதான் உங்கள் ‘டொக்’. நின்ற வண்டியை நீங்கள் அழுத்தி ஆட்டினால் அந்த 60 மி.மீ. விடுபடாது, அதனால் சத்தமும் வராது.

சத்தம்கூடப் பரவாயில்லை. விடுபட்ட ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்துவிட்டால் ஆபத்து. இன்னொரு நஷ்டமும் இருக்கிறது: ஷாக் அமுங்க இருந்த இடத்தில் 35 மி.மீ. போச்சு. பெரிய குழியில் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் கடைசி வரை அமுங்கும்போது தடுக்கிற ரப்பர்) போய் முட்டும்.

சந்தேகம் இருந்தால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பி வீல் ஆர்ச்சுக்குள் கையை விடாதீங்க), தொங்குகிற சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்து ஆட்டுங்க. கையிலேயே சுற்றினால் நான் சொன்னதுதான்.

சரிசெய்வது: தட்டை மேலே ஏற்றி ஸ்பிரிங்கைத் தொட வையுங்க. தொட்ட பிறகு இன்னும் 2, 3 மி.மீ. ஏற்றி லாக் ரிங்கை இறுக்கிவிடுங்க. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும். அப்புறம் கீழ் லாக் ரிங்கைத் தளர்த்தி, ஷாக் உடம்பை பிராக்கெட்டுக்குள் 35 மி.மீ. இறக்குங்க. மரையைப் பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்து, ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவிவிட்டுத் திருப்புங்க. மண்ணோடு திருப்பினால் அலுமினிய ரிங் கடித்துக்கொள்ளும், அப்புறம் என்னை மாதிரி லேத்துக்காரனிடம்தான் வரணும்.

அந்த 8 மி.மீ. விஷயம். போர்ட்டிகோ தரையை மேஸ்திரி தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத்தான் போட்டிருப்பார். வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் நிறுத்தி அளந்து பாருங்க. உயரம் வலது பக்கம் மாறினால் கோணல் உங்கள் தரையில், வண்டியில் இல்லை.

அலைன்மென்ட்_ஆள்

மாமா சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. உயரம் மாற்றினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கிற அளவு) மாறும், கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கிற அளவு) மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டிவிட்டு, டயர் உள்பக்கம் நூல் தெரிய வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது எங்கள் கடைக்கு வருகிறார்கள். உடனே வராதீர்கள், ஸ்பிரிங் உட்காரட்டும். ஒரு 300 கி.மீ. ஓட்டி, எல்லா போல்ட்டையும் ஒரு தடவை டார்க் பார்த்துவிட்டு வாருங்கள். வரும்போது பாதி டேங்க் டீசலோடு வாருங்கள். ஹெட்லைட் உயரத்தையும் கையோடு பார்த்துவிடலாம்.

பின் ஷாக்கின் கீழ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினீர்களா? அப்படியென்றால் தளர்த்தி, வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லாவிட்டால் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

சட்டம்_பேசுபவன்

பிடிக்காததைச் சொல்கிறேன் என்று திட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ரோட்டில் நிறுத்துகிற அதிகாரி இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். பழைய ஷாக் படுத்தே போயிருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த மவுன்ட், ஸ்பிரிங் எல்லாம் ஒருநாள் தேவைப்படும்.

35 மி.மீ. குறைத்ததும் யோசித்துச் செய்ததா? உங்கள் வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. இப்போது 135. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி போட்ட வட்ட வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம், அதன் மேல் தாராளமாகப் போகலாம். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி சிமென்ட் கலந்து கொட்டுகிறார்களே, அதற்கு எந்த விதி?

சூலூர்_டீசல்

மாமா சொன்னதுதான். ஜாக்கியில் தூக்கிக் கையை வைத்தேன், இடது ஸ்பிரிங் வளையல் மாதிரி சுற்றுகிறது. வலதும் ஆடியது. அங்கே சத்தம் வராமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

நேற்று மத்தியானம் இரண்டு பக்கமும் தட்டை ஏற்றி 3 மி.மீ. வைத்து, கீழ் பிராக்கெட்டில் இறக்கினேன். இடது பக்க லாக் ரிங் அதற்குள் செம்மண் பிடித்து இறுகியிருந்தது. செட்டோடு கொடுத்த சி-ஸ்பேனர் இரண்டு தடவை நழுவி முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டித்தான் விட்டது. போர்ட்டிகோவில் திருப்பி நிறுத்தி அளந்தால் அதே வித்தியாசம் வலது பக்கம் காட்டுகிறது. எங்கள் மேஸ்திரி வாட்டத்தை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். பின் ஷாக் போல்ட்டையும் வண்டி தரையில் நிற்கும்போது மறுபடி இறுக்கிவிட்டேன்.

கிளியரன்ஸ் விஷயம் உறைத்தது. எங்கள் தெரு வேகத்தடையில் சைலன்சர் உரசிய தடம் ஏற்கெனவே இருக்கிறது. 35ஐ 20 ஆக்கிவிட்டேன், பின்பக்கமும் அதே அளவு. தெருவில் நாலு தடவை போய் வந்தேன், ‘டொக்’ இல்லை. டேம்பிங்கை முழு ஹார்டிலிருந்து 16 கிளிக் திருப்பி வைத்திருக்கிறேன். பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்துக் கேட்டால், “பழைய வண்டியே தேவல”ங்கிறாங்க. நாளைக்கு இன்னும் நாலு கிளிக் தளர்த்திப் பார்க்கிறேன்.

துணிக்கயிறு புதுசு வாங்கிக் கொடுத்தாச்சு.