கப்பியைப் பெரிதாக்கியும் தண்ணீர் குறைந்துவிட்டது, பம்புக்குள் கல் உருளும் சத்தம் - உதவி தேவை

மணல்தோட்டம் (களுதாவளை):
எல்லோருக்கும் வணக்கம். தொழினுட்பக் கல்லூரியில் இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு மாமாவின் தோட்டத்துப் பம்பை மேம்படுத்துகிறோம் என்று நானும் இரண்டு நண்பர்களும் எழுதிக் கொடுத்தோம். அரை ஏக்கர் மணல் நிலம், மிளகாயும் கத்தரியும், ஓரமாகக் கொஞ்சம் வெற்றிலை. 2 குதிரைவலு மோட்டார் (தகட்டில் 1440 சுற்று, 9.5 அம்பியர் என்று இருக்கிறது), அதிலிருந்து பெல்ட் போட்டு 2 இஞ்ச் பம்பு. மோட்டாரில் 4 இஞ்ச் கப்பி, பம்பில் 3 இஞ்ச் கப்பி. மாசி மாதம் அளந்தபோது 200 லீற்றர் பரல் சரியாக 60 செக்கனில் நிரம்பியது, 6 அம்பியர் எடுத்தது.

நாங்கள் செய்த மாற்றங்கள் மூன்று. மோட்டார் கப்பியை 5 இஞ்ச் ஆக்கினோம், அப்போது பம்பு 1920 சுற்றிலிருந்து 2400 சுற்றுக்குப் போகும், தண்ணீரும் கால்வாசி கூடும் என்று கணக்கு. பழைய ஃபுட்வால்வு (உறிஞ்சும் பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத வால்வு) பழுதாகி இருந்தது, கடையில் ஒன்றரை இஞ்ச்தான் கிடைத்தது, விலையும் குறைவு, அதனால் உறிஞ்சும் பைப்பையும் ஒன்றரை இஞ்சாகவே போட்டுவிட்டோம், பைப் சிறிதானால் தண்ணீர் வேகமாக வரும்தானே என்று நினைத்தோம். மூன்றாவது மாமா கேட்டது: 2011 தை மாத வெள்ளத்தில் மோட்டார் முழுகிப் போன அனுபவம் அவருக்கு, அதனால் பம்பை 3 அடி உயரக் கொங்கிரீட் கட்டில் ஏற்றி வைத்தோம்.

இப்போது பரல் நிரம்ப 85 செக்கன். அம்பியர் 9ஐத் தொட்டுத் தொட்டு ஆடுகிறது. மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு. பம்புக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரிச் சத்தம். கழற்றிப் பார்த்தோம், உள்ளே கல் எதுவும் இல்லை.

இரண்டு கிழமையில் அறிக்கை கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, கச்சான் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது, மிளகாய் நாற்று நட்டு 10 நாள்தான். மாமா எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை, காலையில் வாளியில் அள்ளி ஊற்றுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

வயற்காரன் (வாழைச்சேனை):
தம்பி, எங்கேயோ காற்று இழுக்கிறது. புதுப் பைப் மாற்றினால் முதலில் வரும் கோளாறு அதுதான். பம்பை ஓடவிட்டு, உறிஞ்சும் பக்கத்து ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள், ஓட்டை இருந்தால் நுரையை உள்ளே இழுத்துவிடும். கிளாண்ட் பக்கமும், அதாவது தண்டு பம்புக்குள் போகும் இடத்து அடைப்பிலும், கிறீஸ் தடவிப் பாருங்கள். பெல்ட் வழுக்குகிறதா என்பதையும் கவனியுங்கள்.

பழைய பட்டறை (அக்கரைப்பற்று):
காற்றாகவும் இருக்கலாம், ஆனால் தம்பி சொல்லும் சத்தம் வேறு ஒன்றை நினைக்க வைக்கிறது. நான்கு விடயம் சொல்லுங்கள். ஒன்று, பம்பின் நடுவிலிருந்து கிணற்று நீர்மட்டம் வரை இன்றைக்கு எத்தனை அடி, கயிறு விட்டு அளந்து சொல்லுங்கள், கண்ணால் மட்டிட வேண்டாம். இரண்டு, வெளியே விழும் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா, பால் மாதிரிக் குமிழியோடு வருகிறதா. மூன்று, எல்போ (வளைவுத் துண்டு) நேர்ப் பைப் இல்லாமல் பம்பின் வாயிலேயே பொருத்தி இருக்கிறதா. நான்கு, இதுதான் முக்கியம், வெளியேற்றும் பக்க வால்வை மெதுவாக மூடிக்கொண்டு வாருங்கள், சத்தம் என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

மணல்தோட்டம்:
நானா, எல்லாம் செய்து பார்த்துவிட்டு வருகிறேன். நுரை எந்தப் பொருத்திலும் உள்ளே போகவில்லை, பெல்ட் வழுக்கவில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் விழுகிறது. எல்போ பம்பின் வாயிலேயே இருக்கிறது, கட்டு உயர்ந்ததால் அப்படித்தான் வைக்க முடிந்தது. நீர்மட்டம் 16 அடி. வால்வைப் பாதிக்கு மேல் மூடியதும் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது! திறந்தால் திரும்ப வருகிறது. வயற்கார அண்ணனுக்கும் நன்றி.

பழைய பட்டறை:
அப்போ சந்தேகமே இல்லை, கவிட்டேஷன். காற்று இழுத்திருந்தால் வால்வை மூடினாலும் இப்படி அடங்காது, இன்னும் மோசமாகி நீரோட்டமே அறுந்து போகலாம்.

நடப்பது இதுதான். பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் கிணற்றுத் தண்ணீரின் மேல் உள்ள வளிமண்டல அமுக்கம்தான் அதை மேலே தள்ளுகிறது. பம்பு செய்வது தன் வாயில் அமுக்கத்தைக் குறைத்துக் கொடுப்பது மட்டும். உயரம் கூடக்கூட, பைப் ஒடுங்க ஒடுங்க, அந்தத் தள்ளும் பலம் வழியிலேயே செலவாகிவிடும். பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரின் நடுவில் அமுக்கம் அளவுக்கு மீறிக் குறைந்தால் தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் இம்பெல்லரின் ஓரத்துக்கு, அமுக்கம் கூடிய இடத்துக்குப் போனதும் நொறுங்கும். நீங்கள் கேட்ட கல் சத்தம் அதுதான். வால்வை மூடியதும் ஓட்டம் குறைந்தது, பைப்பில் இழப்பும் குறைந்தது, குமிழி நின்றது.

திரும்பக் கழற்றினால் இம்பெல்லரின் இதழைத் தடவிப் பாருங்கள். மணல் தேய்த்தால் வழுவழுப்பாகத் தேயும், கவிட்டேஷன் என்றால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். கழற்றும்போது மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், ஈரத்தில் நின்றுகொண்டு வேண்டாம்.

ஒலுவில் மாணவி:
பட்டறை நானா சொன்னதை எண்ணில் போட்டுப் பார்த்தேன், அறிக்கைக்கு உதவும் என்று தருகிறேன். பைப் நீளம் சுமார் 8 மீற்றர், ஒரு ஃபுட்வால்வு, இரண்டு எல்போ என்று எடுத்திருக்கிறேன்.

கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 10.3 மீற்றர் உயர நீர்நிரலைத் தாங்கும். 30 பாகைத் தண்ணீரின் ஆவியமுக்கத்துக்கு (அதற்குக் கீழே அமுக்கம் போனால் தண்ணீர் கொதிக்கும்) 0.4 கழித்தால் கையில் இருப்பது 9.9. இதில் ஒரு பங்கைப் பம்பின் வாய்க்கும் விட்டு வைக்க வேண்டும், அதனால்தான் 7 மீற்றருக்கு மேல் உறிஞ்ச நினைக்காதே என்று சொல்வார்கள்.

மாசியில் உங்கள் பம்பு: நிமிடத்துக்கு 200 லீற்றர், 2 இஞ்ச் பைப்பில் தண்ணீரின் வேகம் செக்கனுக்கு 1.7 மீற்றர், பைப், வால்வு, எல்போ எல்லாவற்றிலும் போகும் இழப்பைச் சேர்த்து நீர் உயரக் கணக்கில் சுமார் 1.3 மீற்றர். அதே 200 லீற்றரை ஒன்றரை இஞ்ச் பைப்பில் அனுப்பினால் வேகம் 2.65, இழப்பு 3.6 மீற்றர். வேகம் கூடுகிறது என்று நீங்கள் நினைத்தது சரி, ஆனால் அந்த வேகத்துக்கான விலையை உறிஞ்சும் பக்கம் கொடுக்கிறது. ஒரே ஓட்டத்துக்கு உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிராகப் போகும், 50 மில்லிமீற்றர் 40 ஆனால் சுமார் 3 மடங்கு. இப்போது 250 லீற்றர் வேண்டும் என்றால் இழப்பு 5.6, உயரம் 16 அடி அதாவது 4.9, கூட்டினால் 10.5. இருப்பதே 9.9தான்! கப்பியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தத் தண்ணீர் வராது. 85 செக்கனில் நிரம்புவது நிமிடத்துக்கு 141 லீற்றர், அந்த ஓட்டத்தில் இழப்பையும் உயரத்தையும் கூட்டினால் 6.7 வருகிறது. பம்பு அந்த 7 மீற்றர் எல்லையில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

கப்பிக் கணக்கில் இன்னொரு விடயம் விடுபட்டிருக்கிறது. கதி 1.25 மடங்கானால் ஓட்டம் 1.25 மடங்கு, உயர்த்தும் அளவு கதியின் வர்க்கத்தில் 1.56 மடங்கு, வலுவோ கதியின் கனத்தில் ஏறும், கிட்டத்தட்ட 2 மடங்கு. பைப் எல்லாம் சரியாக இருந்து தண்ணீர் கேட்டபடி வந்திருந்தால் மோட்டார் இதைவிடச் சூடாகி எரிந்தே போயிருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். 60 செக்கன் என்று அளந்தது மாசியில், மாரி முடிந்த கையோடு. அப்போது நீர்மட்டம் எவ்வளவு?

மணல்தோட்டம்:
தங்கச்சி, நீங்கள் கேட்ட பிறகுதான் பழைய கொப்பியைப் புரட்டினேன். மாசியில் 9 அடி. கட்டு உயர்ந்தது 3 அடி, அப்படியானால் கோடையில் நீர்மட்டமே 4 அடி இறங்கியிருக்கிறது. நாங்கள் மாற்றாத ஒன்று எங்களுக்குத் தெரியாமலே மாறியிருக்கிறது. நாளைக்கே மூன்று மாற்றத்தையும் கழற்றிவிட்டுப் பழையபடி வைக்கப் போகிறோம்.

பழைய பட்டறை:
வேண்டாம் தம்பி, எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள். ஒன்றாகச் செய்ததை ஒன்றாகவே கழற்றினால் எது எவ்வளவு கெடுத்தது என்று கடைசி வரைக்கும் தெரியாது, அறிக்கையில் எழுதவும் ஒன்றும் இருக்காது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே பரலை, நாளின் அதே நேரத்தில் நிரப்பி, செக்கன், நீர்மட்டம், அம்பியர் மூன்றையும் எழுதுங்கள். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று அளந்தால் கிணறே வேறாக இருக்கும். முதலில் காசு செலவில்லாத கப்பி. 2 இஞ்ச் ஃபுட்வால்வு கல்முனைக் கடைகளில் தேடினால் கிடைக்கும். பைப் போடும்போது கிணற்றிலிருந்து பம்பு வரைக்கும் ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் கூனல் விழுந்தால் காற்று அங்கே தங்கிவிடும். எல்போவுக்கும் பம்பின் வாய்க்கும் இடையில் ஒரு அடியாவது நேர்ப் பைப் விடுங்கள்.

வெற்றிலைக் கொடி (களுவாஞ்சிகுடி):
மகன், கணக்கெல்லாம் நல்லது, நான் படித்தது குறைவு, ஆனால் இந்த மணலில் 40 வருடம் தண்ணீர் இறைத்தவன். நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மழைத் தண்ணீர் மணலுக்குள் உவர் நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் நமக்கு உள்ள நல்ல தண்ணீர். கெதியாக, நிறைய இழுத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறும், வெற்றிலைதான் முதலில் காட்டிக் கொடுக்கும், நுனி கருகும். பம்பு எவ்வளவு தரும் என்று பார்க்கிறீர்கள், கிணறு எவ்வளவு தரும் என்றும் பாருங்கள். இறைக்க முன்னும் பின்னும் மட்டத்தை அளந்து, திரும்ப ஊற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மாமாவையே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

மணல்தோட்டம்:
ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஃபுட்வால்வு தேடிக் கொஞ்சம் அலைய வேண்டி இருந்தது. எல்லாமே காலை 6 மணிக்கு அளந்தவை, நீர்மட்டம் 16 அடியில்தான் இருந்தது.

முதல் நாள் கப்பியை மட்டும் 4 இஞ்சுக்குத் திருப்பினோம், பைப் ஒன்றரை இஞ்சாகவே இருந்தது. பரல் 82 செக்கன், 5.5 அம்பியர், சத்தம் இல்லை. இதைப் பார்த்ததும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம், ஏனென்றால் 5 இஞ்ச் கப்பியில் 9 அம்பியர் எடுத்து 85 செக்கன். கூட்டிய கதி முழுவதும் குமிழியாகவும் சூடாகவும் போயிருக்கிறது, ஒரு வாளி தண்ணீர் கூட அதனால் வரவில்லை.

மூன்றாம் நாள் 2 இஞ்ச் பைப்பும் ஃபுட்வால்வும் போட்டு, பம்பின் வாயில் ஒன்றே கால் அடி நேர்ப் பைப் விட்டோம். 66 செக்கன், 5.8 அம்பியர்.

அடுத்த நாள் அதோடு திரும்ப 5 இஞ்ச் கப்பி. 53 செக்கன்! ஆனால் 9.2 அம்பியர், இலேசான சத்தமும் இருந்தது. அம்பியரை நேரத்தால் பெருக்கிப் பார்த்தோம், ஒரு பரலுக்கு 4 இஞ்ச் கப்பியில் 383, 5 இஞ்ச் கப்பியில் 488. தண்ணீர் கெதியாக வருகிறது, ஆனால் ஒவ்வொரு பரலுக்கும் கரண்ட் கால்வாசிக்கு மேல் கூட. இன்னொன்று, 20 நிமிடம் ஓடவிட்டதும் கிணறு ஒன்றரை அடி இறங்கிவிட்டது. வெற்றிலைக் கொடி ஐயா சொன்னதை மாமாவிடம் கேட்டேன், "அரை மணித்தியாலம் இறைத்தால் இரண்டு மணித்தியாலம் விடவேணும், இதை முதலே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார்.

அதனால் 4 இஞ்ச் கப்பியே இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். இம்பெல்லரில் குழி இருந்தது நானா, இதழின் உள் ஓரத்தில் குண்டூசித் தலை அளவில், படம் எடுத்து அறிக்கையில் வைக்கிறோம்.

மீதி இருப்பது கட்டு. இறக்கினால் வெள்ளம், ஏற்றினால் உறிஞ்சும் உயரம். என்ன செய்யலாம்?

பழைய பட்டறை:
நல்ல வேலை தம்பி. அம்பியரை மட்டும் வைத்துக் கரண்ட் செலவைச் சொல்லாதீர்கள், சுமை குறைந்தால் மோட்டாரின் வலுக்காரணியும் (எடுக்கும் கரண்டில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு) மாறும், வீட்டு மீட்டரில் தட்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணினால் உண்மையான யூனிட் கிடைக்கும்.

கட்டுக்கு வழி இருக்கிறது. கோண இரும்பில் ஒரு சட்டம் அடித்து, தரை மட்டத்தில் ஒரு வரிசை, 3 அடி மேலே ஒரு வரிசை என்று போல்ட் துளை போடுங்கள். மோட்டாரும் பம்பும் ஒரே தட்டில் இருக்கட்டும், அப்போது பெல்ட் இழுவை மாறாது. கோடையில் கீழே, ஐப்பசி பிறந்ததும் மேலே. மாரியில் கிணறு நிறைந்திருக்கும், அதனால் மேலே இருந்தாலும் உறிஞ்சும் உயரம் பிரச்சினையாகாது. உறிஞ்சும் பைப்பில் 3 அடித் துண்டு ஒன்றை இரண்டு யூனியன் (கழற்றிப் பூட்டும் இணைப்பு) போட்டுத் தனியாக வைத்தால் இரண்டு பேர் அரை மணித்தியாலத்தில் மாற்றலாம்.

ஒலுவில் மாணவி:
இது அழகான தீர்வு. அண்ணா, அறிக்கையில் அந்த 85 செக்கனையும் மறைக்காமல் எழுதுங்கள். எங்கள் பீடத்தில் சரியாக ஓடிய செயற்றிட்டங்களை நிறையப் பார்க்கிறோம், ஏன் ஓடவில்லை என்று அளந்து காட்டியதைத்தான் தேடித் தேடி வாசிக்கிறோம்.

மணல்தோட்டம்:
சட்டம் அடித்தாயிற்று, பக்கத்து வெல்டிங் பட்டறை அண்ணன் இரும்புக்கு மட்டும் காசு வாங்கினார். பம்பு இப்போது கீழே, உயரம் 13 அடி, பரல் 63 செக்கன். மீட்டர்த் தட்டை நாளைக்கு எண்ணுகிறோம். மாமா பம்புக் கொட்டில் சுவரில் சோக்கட்டியால் திகதியும் நீர்மட்டமும் செக்கனும் எழுத ஆரம்பித்திருக்கிறார், இன்று காலை நான் போகமுன்னே எழுதி முடித்துவிட்டு மிளகாய்க்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.