உதவி செய்யும் இடத்தில் சுவிசேஷம் பேசலாமா?

கற்பாறை:
எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தினமும் வசனம் போடும் சகோதரர் ஒருவர் உண்டு. அதுவரை யாருக்கும் தொந்தரவில்லை. போன வாரம் சக ஊழியர் ஒருவரின் அப்பா தவறிவிட்டார். வரிசையாக வந்த இரங்கல் செய்திகளுக்கு நடுவே இவர் நரகத்தைப் பற்றிய வீடியோவைப் போட்டுவிட்டார். அந்த ஊழியர் ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவைவிட்டு வெளியேறினார். இந்தக் காலத்தில் வாழ்ந்து காட்டினாலே போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்பது என் கட்சி. "தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள்" என்று துறவி அசிசி பிரான்சிஸே சொல்லியிருக்கிறாராமே.

திறந்தவாசல்:
வீடியோ போட்டது கொடுமை, அதில் சண்டையே இல்லை. ஆனால் அந்த வாசகம் பிரான்சிஸ் எழுதிய எதிலும் கிடையாது. தன் துறவறச் சபைச் சகோதரர்கள் எல்லாரும் செயலால் பிரசங்கிக்கட்டும் என்று அந்தச் சபைக்கான 1221ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் எழுதினார், உண்மைதான். அதே ஒழுங்கில் முஸ்லிம்கள் நடுவே போகிறவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறார். வாக்குவாதம் பண்ணாமல், எல்லாருக்கும் பணிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் வாழ்வது ஒன்று. தேவனுக்குப் பிரியம் என்று தெரியும்போது வசனத்தை அறிவிப்பது இன்னொன்று. 1219இல், சிலுவைப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, எகிப்து சுல்தான் அல்-காமிலைத் தேடிப் போனவர் அவர். சும்மா உட்கார்ந்துவிட்டு வரவா போனார்?

கற்பாறை:
பிரான்சிஸை விடுங்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று மத்தேயு 6இல் இருக்கிறதே?

திறந்தவாசல்:
ஒரு அதிகாரம் முன்னால் போய் 5:16 படியுங்கள். நற்கிரியைகளை மனுஷர் கண்டு பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்றும் அதே இயேசுதான் சொன்னார். பேர் வாங்கச் செய்வதைத்தான் 6இல் கண்டிக்கிறார். இன்னொன்று: நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவர்களை அடியோடு வெறுத்தவர். அவரே, 'இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள்' என்று தன் பூசாரி ஒருவருக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். எதற்காகத் தாங்கினார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

கற்பாறை:
அதே ஜூலியன் இன்னொரு கடிதத்தில், பலகாரம் காட்டிப் பிள்ளைகளை ஏமாற்றிக் கப்பலில் ஏற்றுகிறவர்களோடு கிறிஸ்தவர்களின் தானதர்மத்தை ஒப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்! விரோதி சொன்னது என்று தள்ளிவிடலாம். ஆனால் இன்றைக்கும் நம்மைப் பார்த்து இதைத்தானே சொல்கிறார்கள்?

வழிப்போக்கன்:
நான் கிறிஸ்தவன் இல்லை, ஆனாலும் குறுக்கே வருகிறேன். அம்மா மருத்துவமனையில் இருந்தபோது ஒரு சபைக்காரர்கள் பழங்களோடு வந்து ஜெபித்தார்கள். ஆராதனைக்கு வருவீர்களா என்றார்கள், இல்லை என்றேன். அதற்கப்புறம் அவர்களைக் காணோம். பக்கத்து வீட்டு அக்காவும் விசுவாசிதான். நான் கொஞ்சம் கண்ணயர வேண்டும் என்று ராத்திரியில் அம்மாவின் கட்டிலருகே அவர் உட்கார்ந்துகொள்வார். இதெல்லாம் எதற்கு அக்கா என்று ஒருநாள் நானே கேட்டேன். இயேசுவைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். பேசி முடித்ததும் மேஜையில் கிடந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அவர் பேசியது எனக்கு உறுத்தவே இல்லை.

கற்பாறை:
பார்த்தீர்களா, கேட்கும்வரை அவர் பேசவில்லை!

திறந்தவாசல்:
கேட்டபோது மழுப்பவும் இல்லையே. விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்று 1 பேதுரு 3:15இல் இருப்பது இதுதான். உங்கள் கட்சிப்படி அவர் சிரித்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும்.

கற்பாறை:
கேட்டால் சொல்லலாம், அதை நான் தடுக்கவில்லை. கேட்க வைப்பதற்காகவே உதவி செய்வதைத்தான் சகிக்க முடியவில்லை. இரண்டையும் வெளியிலிருந்து யார் பிரித்துப் பார்ப்பது?

வழிப்போக்கன்:
உதவி வாங்குகிறவனுக்குத் தெரியும். இல்லை என்று சொன்ன மறுநாளே தெரிந்துவிடும்.

திறந்தவாசல்:
இதற்கு என்னிடம் மறுப்பில்லை. அந்தச் சபைக்காரர்கள் இல்லை என்ற பிறகும் வந்திருக்க வேண்டும். அழைத்ததே தப்பு என்றால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.