ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நம் ஆறுகளை எப்படி வகைப்படுத்துவது?

கேள்வி (நீரியல் மாணவர், காரைக்குடி):
பாம்பாறு, மணிமுத்தாறு, சருகணியாறு போலக் கடலை நோக்கிச் செல்லும் நம் வட்டாரத்து ஆறுகளை நீரோட்டத்தின் போக்கைக் கொண்டு வகைப்படுத்த முயன்று வருகிறேன். வற்றாதவை, பருவத்தில் ஓடுபவை, மழை பெய்த சில நாட்களுக்கு மட்டும் ஓடுபவை என்று பிரித்தால் வேறுபாடு ஒன்றும் துலங்கவில்லை. ஆண்டின் 95 விழுக்காடு நாட்களில் குறையாமல் இருக்கும் ஓட்டத்தைக் கணக்கிட்டால் எங்கும் சுழியமே வருகிறது. வேறு எந்த அளவைகளைக் கொள்ளலாம்?

மறுமொழி 1:
சுழியத்தையே தகவலாகக் கொள்ளுங்கள். ஓட்டமற்ற நாட்கள் எத்தனை, அவை எத்தனை முறை இடைவிட்டு வருகின்றன, ஆண்டு ஓட்டத்தில் பாதி எந்த நாளில் கடந்து முடிகிறது என்பவை நல்ல அளவைகள். அடுத்தடுத்த நாட்களின் ஓட்ட வேறுபாடுகளைக் கூட்டி மொத்த ஓட்டத்தால் வகுக்கும் ரிச்சர்ட்ஸ்-பேக்கர் குறியீடு, வெள்ளம் எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும். நீராண்டை, அதாவது நீர்க்கணக்குக்கான பன்னிரண்டு மாதத்தை, ஜூன் 1 முதல் கணக்கிடுங்கள். ஜனவரியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையின் பின்வடிநீர் (மழை ஓய்ந்த பின்னும் வடிந்து வரும் நீர்) இரண்டு ஆண்டுகளாகப் பிளவுபடும்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், தேவகோட்டை):
மேலே சொன்னவை சரியே. ஆயினும், தம்பி, நம் பக்கம் மழைக்கும் ஆற்றுக்கும் நடுவே கண்மாய்கள் இருப்பதை மறந்துவிடக் கூடாது. அக்டோபரில் பெய்யும் முதல் மழையை மேலைக் கண்மாய்கள் வாங்கிக்கொள்கின்றன. அவை நிறைந்து, கலுங்கு (மிகைநீர் வெளியேறும் கட்டுமானம்) வழியாக மறுகால் பாய்ந்து, அதாவது மிகைநீர் வழிந்தோடி, அந்த நீர் வரத்துக்கால் பிடித்துக் கீழைக் கண்மாயையும் நிரப்பிய பிறகே ஆற்றில் நீர் தெரியும். ஆகவே அக்டோபரில் பெய்த அதே அளவு மழை டிசம்பரில் பெய்தால், ஆறு முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்ளும். இதைக் கருதாமல் கணினியில் தொகுத்தால், மண்ணாலும் சரிவாலும் வந்த வேறுபாட்டையும் கண்மாய்ச் சங்கிலியால் வந்த வேறுபாட்டையும் ஒன்றெனக் கொண்டுவிடுவீர்கள். ஒவ்வொரு வடிநிலத்திலும் கண்மாய்களின் மொத்தக் கொள்ளளவை ஆண்டு மழைநீரோடு ஒப்பிடும் விகிதத்தை ஓர் அளவையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூர்ந்துபோன கண்மாய்க்குப் பழைய பதிவேட்டுக் கொள்ளளவை எழுதிவிட வேண்டாம். அதுதான் பலர் செய்யும் பிழை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. நீரளவு நிலையம் இல்லாத ஓடைகளில், கடைக் கண்மாய் மறுகால் பாய்ந்த நாளை ஆயக்கட்டுக்காரர்களிடம் (அந்தக் கண்மாய் நீரில் பயிரிடுவோரிடம்) கேட்டுக் குறித்து, அதையே ஓட்டம் தொடங்கிய நாளாகக் கொள்ளலாமா?

மறுமொழி 2 எழுதியவர்:
கொள்ளலாம். ஆனால் கலுங்கில் பலகை வைத்து நீரைத் தேக்கியிருந்தார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். தேக்கியிருந்தால் அந்த நாள் சற்றுப் பிந்தியிருக்கும்.