டாப்ராஃபெனிப் எடுக்கும் அம்மாவுக்குக் கண் அழற்சி திரும்பத் திரும்ப வருகிறது

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், பிராஃப் வி600ஈ மரபணு மாற்றம். அதற்கான மாத்திரைகள்: டாப்ராஃபெனிப் 150 மி.கி. இரண்டு வேளை, டிராமெடினிப் 2 மி.கி. ஒரு வேளை. கட்டி நன்றாகச் சுருங்கி வருகிற நேரத்தில், மூன்றாம் மாதவாக்கில் இரண்டு கண்ணும் சிவந்து வலியெடுத்தது, எழுத்தெல்லாம் மங்கல், ஜன்னல் திரையை விலக்கினாலே முகத்தைக் கையால் மூடிக்கொள்கிறார். முன்பக்க யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் முன்பகுதியில் வரும் அழற்சி என்றார் கண் மருத்துவர். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் விழித்திரைக்கு அடியில் நீர் இல்லை.

பிரெட்னிசோலோன் 1% ஸ்டீராய்டு சொட்டு, கண்பாவையை விரிக்கும் சொட்டு, அப்புறம் டாப்ராஃபெனிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தியும் பார்த்தாயிற்று. அடங்குகிறது, ஆனால் மாத்திரையைத் தொடங்கி ஸ்டீராய்டு சொட்டைக் குறைத்ததும் மறுபடி சிவப்பு. கண் அழுத்தம் வேறு ஏறுகிறது, அதுதான் பயம். டாப்ராஃபெனிப் டோஸைக் குறைக்கலாமா என்று புற்றுநோய் மருத்துவர் யோசிக்கிறார்.

இதே சிக்கல் வந்தவர்கள் சொல்லுங்கள்: டோஸைக் குறைத்த பிறகு கண்ணும் அடங்கி, கட்டியும் கட்டுக்குள் இருந்ததா?