காட்டுத்தீக்குப் பிந்தைய மானியம்: பதிவு பெறாத ஊர்க்குழு கோரலாமா?

கேள்வி:
2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவில் மூண்ட காட்டுத்தீ, நியூ சவுத் வேல்ஸ் தென்கரையில் உள்ள எங்கள் சிற்றூரையும் விட்டுவைக்கவில்லை. அன்றிரவு நாங்கள் ஒதுங்கிய தகரக்கூரை மண்டபத்தில் மின்சாரம் போனதும் தண்ணீர் மோட்டாரும் நின்றுவிட்டது. அங்கே ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் அமைக்க, பதிவு பெறாத எங்கள் குழு எங்கே மானியம் கோரலாம்?

பதில் 1:
அந்தத் தீக்கென்றே மத்திய அரசு அறிவித்த மீட்பு மானியத் திட்டத்தின் சுமார் 39 கோடி டாலர், 524 பணிகளுக்கு ஏற்கெனவே பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது, ஐயா. அதில் மிகக் குறைந்த மானியமே 20,000 டாலர் என்பதால், உங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு அது எப்போதுமே சற்று எட்டாக்கனிதான். ஊரக அமைப்புகளுக்குச் சிறு தொகைகள் வழங்கும் எஃப்.ஆர்.ஆர்.ஆர். அறக்கட்டளையின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

பதில் 2:
பதிவு பெற்ற அமைப்பு ஒன்று பொறுப்பேற்றால், அதன் பெயரில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணம் அதன் கணக்குக்கே வரும் என்பதால், செலவுக் கணக்கை யார் ஒப்படைப்பது என்பதை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலைப்புள்ளிகளுடன், ஜெனரேட்டரை மாதந்தோறும் ஓட்டிப் பார்ப்பவர் யார், டீசல் செலவு யாருடையது என்பதையும் குறிப்பிடுங்கள். எங்கள் முதல் விண்ணப்பம் அந்த ஒரு வரி இல்லாமல்தான் திரும்பி வந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டீசல் செலவைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை.